புளூட்டோவின் சூடும் நம்ம லேப் ரீடிங்கும்

(மூன்றாமாண்டு இ.சி.இ. மாணவன்)



தலைப்பில் புளூட்டோ என்று பார்த்ததும் "ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸோட அந்தத் தலைவலி முடிஞ்சுதுடா சாமி" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடுத்த பக்கத்தில் எப்படியும் ஒரு காதல் கவிதைதான் இருக்கப் போகிறது. அது எங்கேயும் ஓடிப்போகாது.

நான் சொல்ல வந்த கருத்து ஒன்றே ஒன்றுதான். "என்ன வரணும்" என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்குத் தக்க ரீடிங்கை அப்புறம் நிரப்புகிற பழக்கம் நம்ம லேபில் இருக்கிறதே, அது ஒழிய வேண்டும். இதைச் சொல்வதற்கு 500 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புளூட்டோ வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். போகத்தான் வேண்டும். ஏனென்றால் அங்கே யாரும் தெர்மாமீட்டர் கொண்டு போய் வைக்கவில்லை. இருந்தாலும் அதன் வெப்பநிலை மைனஸ் 230 டிகிரி செல்சியஸ் பக்கம் என்று இங்கிருந்தே சொன்னார்கள். அதைச் சொன்னவர்கள் கையில் இருந்தது நம்முடைய பாடமான ஆன்டெனா, ரிசீவர், நாய்ஸ். இ.சி.இ. படிக்கிற நமக்கே இது தெரியாமல் இருப்பது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

நாய்ஸ் என்றால் நமக்கு என்ன சொல்லித் தந்திருக்கிறார்கள்? அது எதிரி. சிக்னலைக் கெடுக்க வந்தது. ஃபில்டர் போட்டு விரட்ட வேண்டியது. 1928-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான்சன் ஒரு ரெசிஸ்டரை சும்மா வைத்துவிட்டு அதன் முனைகளில் எழும் இரைச்சலை அளந்தார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு போட்டுக் கொடுத்தார். அதுதான் நாம் மனப்பாடம் செய்கிற கே.டி.பி. சூத்திரம். போல்ட்ஸ்மன் எண், வெப்பநிலை, பேண்ட்விட்த் மூன்றையும் பெருக்கினால் நாய்ஸ் பவர். அறை வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டி.பி.எம். என்று இரண்டு மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்த சூத்திரத்தின் நடுவில் நிற்கிற 'டி'யை ஒரு நிமிஷம் பாருங்கள். இரைச்சலை அளந்தால் சூடு தெரியும் என்றல்லவா அது சொல்கிறது! ரெசிஸ்டர் இருந்த இடத்தில் ஒரு ஆன்டெனாவை வைத்தாலும் கதை இதேதான். ஆன்டெனா பார்க்கிற திசை முழுவதையும் ஒரு பொருள் அடைத்துக்கொண்டு நின்றால், அந்தப் பொருளின் சூட்டில் வைத்த ரெசிஸ்டர் என்ன இரைச்சல் தருமோ அதையே ஆன்டெனா முனையும் தரும். பாறையோ பனியோ, சூடு என்று ஒன்று இருக்கிற எதுவும் ரேடியோ அலையை உமிழ்ந்துகொண்டேதான் இருக்கிறது. நாமும்தான்.

இதை வீட்டில் சொன்னபோது எங்க அப்பா நம்பவில்லை. சாயப்பட்டறையில் இருபது வருஷமாகச் சாயத் தண்ணீரின் சூட்டோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். "தொடாம எப்பிடிடா சூடு பாக்கறது?" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா, "நான் தெனமும் தோசைக்கல்லு மேல கைய நீட்டிப் பாக்கறேனே, தொட்டா பாக்கறேன்?" என்றாள். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் ரேடியோமீட்டரின் தத்துவத்தைப் பள்ளிக்கூடமே போகாத அம்மா சொல்லிவிட்டாள்.

சரி, தத்துவம் சுலபம். அளப்பதுதான் பாடு. புளூட்டோவின் விட்டம் சுமார் 2,377 கிலோமீட்டர். இங்கிருந்து பார்த்தால், நாற்பது நாற்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் யாரோ காட்டுகிற ஒரு ரூபாய் நாணயம் மாதிரி. அதைவிட நூறு மடங்கு அகலமான வானத்துண்டை ஆன்டெனா ஒரே நேரத்தில் பார்க்கிறது. ஆகவே புளூட்டோவின் 40 கெல்வின் அப்படியே வந்து சேராது. 30 மீட்டர் டிஷ்ஷை வைத்து, 1 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய அலையில் பார்ப்பதாக நான் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆன்டெனாவில் ஏறும் வெப்பநிலை ஒரு கெல்வினில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் வருகிறது. ரிசீவரின் சொந்த இரைச்சலும் நம் காற்றுமண்டலத்தின் இரைச்சலும் சேர்ந்து அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் மேளம் முழங்கும்போது ஒரு மூலையில் குண்டூசி விழுந்த சத்தத்தைக் கேட்பது மாதிரி.

இதற்கு வழி காட்டியவர் ராபர்ட் டிக்கி. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ராடார் வேலை செய்துகொண்டிருந்தவர், 1946-இல் தன் முறையை வெளியிட்டார். ரிசீவரின் கெயின் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதை முழுசாக அடக்க முடியாது. அதனால் அவர் ரிசீவரை ஆன்டெனாவுக்கும், வெப்பநிலை தெரிந்த ஒரு லோடுக்கும் விநாடிக்குப் பல தடவை மாற்றி மாற்றி இணைத்தார். ரிசீவரின் கோளாறு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழும், கழித்தால் போய்விடும். மிச்சம் நிற்பது வித்தியாசம் மட்டும். அதற்குப் பிறகு வேண்டியது பொறுமை. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு நேரம் அளக்க வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு நேரம். யோசித்துப் பாருங்கள், சுவிட்ச், தெரிந்த லோடு, கழித்தல், காத்திருத்தல். இதில் நம்மால் முடியாதது என்ன இருக்கிறது? வானியல் என்றதும் ஏதோ தாடி வைத்த பேராசிரியர் சமாசாரம் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிக்கு மேல் கேலிபரேஷன் வேலை.

"நம்ம ஊட்டியிலயும் ரேடியோ டெலஸ்கோப் இருக்கே, அதுல புளூட்டோவைப் பார்க்கலாமே" என்று ஹாஸ்டலில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. 1970 முதல் முத்தொரையில் மலைச்சரிவில் நிற்கும் அந்த 530 மீட்டர் நீள ஆன்டெனா 326.5 மெகாஹெர்ட்ஸில், அதாவது 92 செ.மீ. அலையில் கேட்கிறது. சூட்டினால் வரும் அலை நீண்ட அலைநீளத்தில் வர்க்க விகிதத்தில் மெலிந்துபோகும். 1 மில்லிமீட்டரில் வருவதைவிட அங்கே எட்டு லட்சம் மடங்கு குறைவு. பல்சருக்கும் சூரியக் காற்றுக்கும் ஊட்டி சரி. புளூட்டோவுக்கு மில்லிமீட்டர் அலையும் உயர்ந்த வறண்ட மலையும் வேண்டும்.

இனி கதைக்கு வருகிறேன். முதலில் வியாழன்.

1950-களின் பிற்பாதி. வியாழனின் மேகங்கள் 130 கெல்வின் அளவு என்று அகச்சிவப்பு அளவுகளால் ஏற்கெனவே தெரியும். வாஷிங்டனில் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தார் 3 செ.மீ. அலையில் அளந்தபோது 140-ஐ ஒட்டி வந்தது. எல்லோருக்கும் திருப்தி. அப்புறம் 10 செ.மீ. அலையில் அளந்தால் 600-க்கு மேல்! 1959-இல் டிரேக்கும் வாட்டமும் 68 செ.மீ.யில் பார்த்தார்கள். கணக்குப்படி வந்த வெப்பநிலை 70,000 கெல்வின். சூரியனின் முகமே 6,000-க்குக் கீழே இருக்கும்போது, ஒரு குளிர்ந்த கிரகம் எழுபதாயிரமா? நம்ம லேபாக இருந்தால் "பூஜ்யம் ரெண்டு சேர்த்து எழுதிட்டியாடா" என்று ரப்பரை எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

அவர்கள் அழிக்கவில்லை. இது சூட்டினால் வருகிற அலையே இல்லை, வியாழனின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்டு சுற்றும் அதிவேக எலெக்ட்ரான்களின் வேலையாக இருக்கலாம் என்ற யோசனை வந்தது. அதை நிரூபித்தவர்களில் ஒருவர் சென்னை தண்டையார்பேட்டையில் பிறந்தவர் என்றால் நம்புவீர்களா? 1960-இல் கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் வி.ராதாகிருஷ்ணனும் ராபர்ட்ஸும் இரண்டு டிஷ்களைச் சேர்த்து, 960 மெகாஹெர்ட்ஸில் வியாழனை அளந்தார்கள். அலை வரும் பகுதி வியாழனின் உருவத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், அலையும் போலரைஸ் ஆகியிருந்தது. சூட்டினால் வரும் அலை இப்படி இருக்காது. பூமிக்கு இருப்பது போன்ற கதிர்வீச்சு வளையம் வியாழனுக்கும் இருக்கிறது என்பது உறுதியானது. 1973 டிசம்பரில் பயனியர் 10 விண்கலம் அந்த வளையத்துக்குள்ளேயே புகுந்து போய் அளந்து வந்தது.

ராதாகிருஷ்ணன் பிஎச்.டி. முடித்தவர் அல்ல. ஸ்வீடனில் ரிசீவர் கட்டும் வேலையில் கை பழகியவர். பின்னாளில் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக 1994 வரை இருந்தார். டிகிரி பெரிசா, கை பெரிசா என்று பேசும்போது நம் ஆட்கள் இவரை உதாரணம் காட்டலாம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் சர் சி.வி.ராமனின் மகன். அவர் வீட்டுத் திண்ணையில் நோபல் பரிசு உட்கார்ந்திருந்தது. நம் வீட்டுத் திண்ணையில் ரேஷன் அட்டையும் கரண்ட் பில்லும். ஆகவே "அவரால் முடிந்தது, உன்னால் முடியாதா" என்று மேடைப் பேச்சு பேச எனக்கு விருப்பமில்லை. அந்த ரீடிங்கை அவர் எடுத்த விதம் மட்டும் நமக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது டைட்டன். சனியின் பெரிய நிலா. ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் போர்த்திக்கொண்டு தரையைக் காட்டாமல் இருந்தது. 1970-களில் அறிஞர்களுக்குள் சண்டை. தடித்த காற்றுப் போர்வை உண்டு, தரை 200 கெல்வின் வரை கதகதப்பாக இருக்கலாம் என்று ஒரு கட்சி. இல்லை, மெல்லிய காற்றுதான், தரை 86 கெல்வின் பக்கம் உறைந்து கிடக்கிறது என்று இன்னொரு கட்சி. கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் செ.மீ. அலை அந்தப் புகையை ஊடுருவி வந்துவிடும். நியூ மெக்சிகோவின் வி.எல்.ஏ. என்ற 27 டிஷ் டெலஸ்கோப் கட்டி முடிகிற தறுவாயில், ஜாஃபே, கால்டுவெல், ஓவன் மூவரும் அளந்து 1980-இல் வெளியிட்டார்கள். தரை 87 கெல்வின், பிளஸ் ஆர் மைனஸ் 9.

அதே 1980 நவம்பரில் வாயேஜர் 1 டைட்டனை நெருங்கியது. அது அனுப்பிய ரேடியோ சிக்னல் டைட்டனின் காற்றுக்குள் நுழைந்து வந்த விதத்தை வைத்துப் பார்த்ததில் தரை 94 கெல்வின் அளவு என்று தெரிந்தது. காற்றழுத்தமோ பூமியைப் போல ஒன்றரை மடங்கு. ஆக, காற்று தடிப்பு என்ற கட்சி அதில் ஜெயித்தது, தரை குளிர்ச்சி என்ற கட்சி இதில் ஜெயித்தது. 2005 ஜனவரி 14-இல் ஹைகன்ஸ் கலம் அந்தத் தரையிலேயே இறங்கி நேரடியாக அளந்தது. 93.65 கெல்வின்.

87 எங்கே, 93.65 எங்கே, தப்புத்தானே என்பீர்கள். இல்லை! அவர்கள் 87 என்று மட்டும் எழுதவில்லை, பக்கத்தில் 9 என்றும் எழுதினார்கள். உண்மை அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. நம்ம ரெக்கார்டு நோட்டில் இந்த பிளஸ் ஆர் மைனஸுக்கு ஒரு காலம் கிடையாது. அப்சர்வ்டு வேல்யூ, தியரிட்டிக்கல் வேல்யூ என்று இரண்டு காலம்தான். இரண்டும் ஒன்றாக இருந்தால் டிக், இல்லாவிட்டால் சிவப்பு மை.

இப்போது புளூட்டோ. அதன் ரேடியோ வெப்பநிலையைப் பற்றிய முதல் மதிப்பீடு 1988-இல் வெளிவந்தது, ஸ்பெயினில் இருக்கும் ஐராம் 30 மீட்டர் டிஷ்ஷை வைத்து. சூரியனிலிருந்து அத்தனை தூரத்தில் இருக்கும் பொருள் எவ்வளவு சூடாக இருக்கும் என்று கணக்கு போட்டால் 50 கெல்வினுக்கு மேல் வர வேண்டும். 1983-இல் பறந்த ஐராஸ் என்ற அகச்சிவப்பு செயற்கைக்கோளின் அளவுகளும் அதற்கு ஒத்துதான் போயின. ரேடியோவில் மட்டும் குறைவாக வந்தது. 1993-இல் ஸ்டெர்ன் குழுவினர் 30-க்கும் 44-க்கும் நடுவில் என்று எழுதினார்கள். தியரி ஒரு பக்கம், செயற்கைக்கோள் அதே பக்கம், இவர்கள் தனியாக எதிர்ப் பக்கம். ஆனாலும் எழுதினார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. புளூட்டோவுக்குப் பக்கத்திலேயே சாரன் என்ற பெரிய நிலா. ஒற்றை டிஷ்ஷில் இரண்டும் கலந்துதான் விழும். 2005-இல் ஹவாய் தீவின் மௌனா கியா மலையில் எட்டு டிஷ்களை இணைத்த எஸ்.எம்.ஏ. டெலஸ்கோப்பில் கர்வெல்லும் பட்லரும் இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். சாரன் 53 கெல்வின், கணக்கு சொன்னபடியே. புளூட்டோ 43 கெல்வின். சூரியனிலிருந்து இரண்டும் ஒரே தூரம். பத்து கெல்வின் எங்கே போயிற்று?

நம்ம வீட்டு மண்பானையைக் கேளுங்கள். பானையின் நுண்துளை வழியாகக் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, உள்ளே தண்ணீர் சில்லென்று ஆகிறது. புளூட்டோவின் தரையில் நைட்ரஜன் பனி. சூரிய வெளிச்சத்தில் ஒரு பங்கு தரையைச் சூடாக்காமல் அந்தப் பனியை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. சாரனில் அந்தப் பனி இல்லை, அதனால் அது எவர்சில்வர் குடம். ஐராஸும் பொய் சொல்லவில்லை. அகச்சிவப்பில் பனி இல்லாத சூடான திட்டுகள்தான் தூக்கலாகத் தெரியும், ரேடியோவில் எல்லா இடமும் சேர்ந்து சராசரியாக வரும். இரண்டு பேரும் உண்மையான ரீடிங்கை எழுதியதால்தான் இரண்டையும் சேர்த்து வைத்து இதைப் புரிந்துகொள்ள முடிந்தது. 1993-இல் யாராவது ஒருவர் "எல்லாரும் 50-க்கு மேல் என்கிறார்கள், நாமும் ஒரு 52 போட்டுக்கொள்வோம்" என்று போட்டிருந்தால் அந்தப் பனியின் வேலை வெளியே வந்திருக்குமா?

2015 ஜூலை 14-இல் நியூ ஹொரைசன்ஸ் கலம் புளூட்டோவைக் கடந்தபோது தன் டிஷ்ஷாலேயே 4.2 செ.மீ. அலையில் அளந்தது. பகல் பக்கம் 33, இரவுப் பக்கம் 29 கெல்வின் அளவு. இதை எடுத்து 43-உடன் நேராக ஒப்பிட்டுவிடக் கூடாது. நீண்ட அலை மேல்தோலுக்குக் கீழே உள்ள பனியையும் சேர்த்துப் பார்க்கிறது, பனியும் தன் சூட்டுக்கு உரிய முழு அலையை உமிழ்வதில்லை. எந்த அலையில், எந்த ஆழத்தில் அளந்தோம் என்பதையும் எண்ணோடு சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னும் தள்ளிப் போனால் நிலைமை இன்னும் கஷ்டம். 2017-இல் சிலி நாட்டு ஆல்மா டெலஸ்கோப்பால் அளந்து '2014 யு.இசட். 224' என்ற பொருளின் விட்டம் சுமார் 635 கிலோமீட்டர் என்றார்கள். வருகிற அலை ஒன்றே ஒன்று. அதில் சூடும் உருவமும் பெருக்கல் கணக்காகக் கலந்திருக்கிறது. சூட்டை, சூரிய தூரத்தை வைத்துக் கணக்கால் சுமார் 30 கெல்வின் என்று எடுத்துக்கொண்டு உருவத்தைக் கண்டுபிடித்தார்கள். எது அளந்தது, எது கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதைத் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்த நாணயம்தான்.

நம்ம கதைக்கு வருவோம். போன வருஷம் எங்கள் பேட்சில் ஒருவனுக்கு ஆர்.டி.டி. சோதனையில் கிராஃப் நேர்கோடாக வரவில்லை, 60 டிகிரிக்கு மேல் வளைந்தது. வந்ததை அப்படியே எழுதினான். ரிப்பீட்! பக்கத்து டேபிளில் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவனுக்கு பத்துக்குப் பத்து. பிறகு பார்த்தால் தெர்மாமீட்டரின் குமிழ் பீக்கரின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஆர்.டி.டி. மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடித் தண்ணீருக்கும் மேல் தண்ணீருக்கும் சூட்டில் வித்தியாசம். அந்த வளைந்த கோடு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. பத்துக்குப் பத்து வாங்கியவனின் நேர்கோடு எதையும் சொல்லவில்லை, ஏனென்றால் அது மூன்று வருஷத்துக்கு முன் வேறு யாரோ போட்டது.

ஸ்டாஃப் மேல் மட்டும் பழி போட நான் தயாரில்லை. முப்பது பேர் பேட்ச், ஓடுகிற மீட்டர் ஐந்து, அதில் இரண்டுக்கு பேட்டரி வீக். மூன்று மணி நேரத்தில் எல்லாருக்கும் கையெழுத்துப் போட வேண்டும். எக்ஸ்டர்னல் வந்து கிராஃபைப் பார்த்துதான் மார்க் போடுவார். வித்தியாசமாக வருகிற ரீடிங் எல்லாம் கண்டுபிடிப்பு என்றும் நான் சொல்லவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு லூஸ் கனெக்ஷன்தான். புளூட்டோவை அளந்தவர்களும் முதலில் தங்கள் கருவியைத்தான் சந்தேகப்பட்டார்கள், தெரிந்த பொருளைப் பார்த்து சரிபார்த்தார்கள், பிறகுதான் எழுதினார்கள். சந்தேகப்படுங்கள், வயரை ஆட்டிப் பாருங்கள், திரும்ப எடுங்கள். ஆனால் எடுக்காத ரீடிங்கை எழுதாதீர்கள்.

நாம் நாளைக்குப் போகப் போவது ஆல்மாவுக்கு அல்ல என்பது எனக்கும் தெரியும். கியூ.சி.க்கும், பாய்லர் பக்கத்துக்கும், சப்-ஸ்டேஷனுக்கும், சாயப்பட்டறைக்கும்தான். 60 டிகிரியில் ஓட வேண்டிய சாயத்தை 50-இல் ஓட்டிவிட்டு லாக் புக்கில் 60 என்று எழுதினால் துணியின் ஷேடு மாறிவிடும், அந்த நஷ்டம் கடைசியில் எங்க அப்பா மாதிரி ஆளின் கூலியில்தான் வந்து விடியும். பாய்லரில் அப்படி எழுதினால் கூலியோடு நிற்காது.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை. ரெக்கார்டு நோட்டில் பிளஸ் ஆர் மைனஸுக்கு ஒரு காலம் சேர்க்கச் சொல்லி, துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். இன்னொன்று, இந்த வருஷ புராஜெக்ட் நிதியில் ஒரு சின்ன ரேடியோமீட்டருக்கு இடம் கொடுங்கள். பழைய டி.டி.எச். டிஷ், எல்.என்.பி., ஒரு சாட்டிலைட் ஃபைண்டர் மீட்டர், அவ்வளவுதான். டிஷ்ஷை வெறும் வானத்துக்குத் திருப்பினால் முள் இறங்கும், தரைக்குத் திருப்பினால் ஏறும், எல்.என்.பி. முன்னால் உள்ளங்கையைக் காட்டினால்கூட ஏறும். சூரியனுக்குத் திருப்பினால் எவ்வளவு என்பதை நாமே அளப்போம். கண்ணால் சூரியனைப் பார்க்க வேண்டாம், எல்.என்.பி.யின் நிழலை வைத்தே டிஷ்ஷைத் திருப்பலாம். என்ன வருகிறதோ அதை எழுதுவோம். டிஷ்ஷை என் ரூம்மேட் தருகிறேன் என்கிறான், எல்.என்.பி. என்னிடம் இருக்கிறது. மீட்டருக்குத்தான் காசு வேண்டும். கம்யூனிகேஷன் லேபுக்கு மேல் மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள், தயவுசெய்து மூன்றாமாண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள்.